முதிய வீரர்க்கு நாம் பட்ட கடன்

தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பை என்னும் சிற்றூரில், 2006-ஆம் ஆண்டில் பழைய நடுகற்கள் சில கண்டெடுக்கப்பட்டன. அவை இரண்டாயிரம் ஆண்டுகட்கு முற்பட்டவை என்பது கல்வெட்டறிஞர் துணிபு. அவற்றுள் ஒன்றில் உள்ள சொற்களை விரல்விட்டு எண்ணி விடலாம். அந்தவன் என்பான் கூடல் என்னும் ஊரோடு இயைந்த ஆநிரைப் பூசலில் மாண்டான். அவன் கல் இது. அவ்வளவே அதன் கருத்து.

அந்தவன் முடிசூடிய மன்னன் என்பதற்கு அக்கல்லில் யாதொரு குறிப்பும் இல்லை. மாடுகளின் பொருட்டு எழுந்த சண்டையில் உயிர் நீத்த ஓர் ஊர்மகன் அவன். ஆயினும் அவனைச் சார்ந்தோர் மூன்று செய்திகளைத் தவறாது பொறித்து வைத்தனர். பேர் ஒன்று, ஊர் ஒன்று, செயல் ஒன்று. பின்னர் ஏழாம் நூற்றாண்டில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில், செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் எழுந்தது. அதில் வீரனோடு அவன் வளர்த்த நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்துப் போராடிய அந்நாயின் பேர் கோவிவன் என்று கல்லே நமக்குக் கூறுகின்றது.

நாயின் பேரையும் மறவாத மரபில் வந்தவர் நாம். எண்பது ஆண்டுகட்கு முன் நம் தோட்டத்து லயங்களிலிருந்து துப்பாக்கி ஏந்திப் புறப்பட்ட நம் பாட்டன் பாட்டியரின் பேரை நம்முள் எத்தனை பேர் அறிவர்? இவ்வொரு வினாவைத் தமிழ் மக்கள்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படை எழுந்த வரலாறு

1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து, பாரர் பார்க் திடலில், பிரிட்டிஷ் படையில் இருந்த இந்தியச் சிப்பாய்கள் பல்லாயிரவர் ஜப்பானியரிடம் ஒப்புவிக்கப்பட்டனர். அவர்களைக் கொண்டு மோகன் சிங் என்னும் கேப்டன் முதல் இந்திய தேசிய ராணுவத்தை அமைத்தார். ஜப்பானியரோடு ஏற்பட்ட பிணக்கால் அவ்வாண்டு டிசம்பர் மாதத்திலேயே அது குலைந்தது.

1943-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். ஜூலை 4-இல் காதே மண்டபத்தில் ராஷ் பிகாரி போஸ் தம் தலைமையை அவரிடம் ஒப்படைத்தார். மறுநாள் பாடாங் திடலில் படையினரின் அணிவகுப்பை நேதாஜி பார்வையிட்டார். அக்டோபர் 21-ஆம் நாள் ஆசாத் ஹிந்து தற்காலிக சர்க்கார் நிறுவப்பட்டது. இத்தேதிகளை நாம் அறிவோம், மேடைதோறும் கேட்டிருக்கிறோம். ஆனால் இத்தேதிகளுக்குப் பின்னால் நின்ற மக்கள் யார்?

போர்க்கைதிகளாக இருந்த சிப்பாய்கள் ஒரு பகுதியினர். மற்றொரு பகுதியினர், வாழ்நாளில் துப்பாக்கியைத் தொட்டறியாத பொதுமக்கள். இவ்வாறு சேர்ந்தோர் ஏறத்தாழ 18,000 பேர் என்று வரலாற்றாசிரியர் கணக்கிடுவர்; அவருள் பெரும்பாலோர் தமிழர். அதிகாலையில் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கொடுத்து, பால்மரம் சீவச் சென்றவர்கள். சாலைக்குக் கல் உடைத்தவர்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள். பட்டணத்துக் கடையில் கணக்கு எழுதியவர்கள். இவர்களுள் பலர் இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. காணாத நாட்டின் விடுதலைக்காகக் கண்ட நாட்டை விட்டுப் புறப்பட்டனர்.

பெண்டிர் ஏந்திய துப்பாக்கி

1943-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. சென்னையில் மருத்துவம் கற்று 1940-இல் சிங்கப்பூர் வந்த டாக்டர் லட்சுமி அதன் தலைவியானார். கோலாலம்பூரில் வசதியுள்ள குடும்பத்தில் பிறந்த ஜானகி தேவர் தம் காதணிகளைக் கழற்றி நிதிக்கு அளித்துவிட்டு, பதினெட்டு வயதில் படையிற் சேர்ந்து, பின்னர் அதன் துணைத் தலைவியாக உயர்ந்தார். இவ்விருவர் பேரும் வரலாற்றில் நிலைத்து விட்டன. 1998-இல் லட்சுமி அம்மையாருக்கு இந்திய அரசு பத்ம விபூஷண் விருது அளித்தது. ஜானகி அம்மையாருக்கு 2000-இல் பத்மஸ்ரீ அளித்தது. முன்னவர் 2012-இலும் பின்னவர் 2014-இலும் மறைந்தனர்.

அவர்களைப் போற்றுதல் தகும். ஆனால் அப்படையில் அணிவகுத்து நின்ற பெண்களுள் பெரும்பாலோர் தோட்டத்துப் பெண்கள் அல்லரோ? கங்காணியின் அதட்டலுக்கும் கிராணியின் ஏச்சுக்கும் தலைகுனிந்து பழகிய அப்பெண்கள், முடியைக் குறைத்து, காற்சட்டை அணிந்து, தோளில் துப்பாக்கி தாங்கி நடந்தனர். பர்மாவுக்குச் சென்றனர். மேமியோவில் காயம்பட்டோர்க்கும் நோயுற்றோர்க்கும் பணிவிடை செய்தனர். 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டு நீங்கியபோது, விமானத் தாக்குதலுக்கு அஞ்சிப் பகலில் மறைந்தும் இரவில் நடந்தும் பாங்காக் நோக்கி வந்தனர். திரும்பும் வழியில், அவர்கள் ஏறி வந்த புகைவண்டி தாக்கப்பட்டபோது, ஸ்டெல்லா, ஜோசபின் என்னும் இருவர் மாண்டனர். இவ்விரு பேர்களை நம் பிள்ளைகளுள் எவரேனும் அறிவரோ?

இப்படையில் நிகழ்ந்த மற்றொன்றையும் நாம் மறத்தல் கூடாது. பிரிட்டிஷ் இந்தியப் படையில் சாதிக்கொரு சமையல், மதத்திற்கொரு பந்தி என்னும் வழக்கம் நிலவியது. இந்திய தேசிய ராணுவம் அதனை ஒழித்தது. பஞ்சாபியும் தமிழனும், இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் ஓரிடத்தில் அமர்ந்து ஓர் அடுப்பில் வெந்த சோற்றை உண்டனர். தோட்டத்தில் தண்ணீர்க் குழாய்க்கும் கோவில் வாசலுக்கும் சாதி பார்த்த காலம் அது. சமபந்தி போசனம் வேண்டுமென்று சீர்திருத்தவாதிகள் மேடையில் வற்புறுத்தி வந்ததைப் படைமுகாம் ஒவ்வொரு வேளையும் நடத்திக் காட்டியது.

கல்லில் நின்றதும் கல்லோடு போனதும்

1945-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள், சிங்கப்பூர் எஸ்பிளனேடு கடற்கரையில், மாண்ட வீரர்க்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்ப நேதாஜி அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்னும் பொருள்படும் மூன்று சொற்கள் அதில் பொறிக்கப்பட்டன. அடுத்த மாதம் ஜப்பான் பணிந்தது. செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்தனர். மவுண்ட்பேட்டனின் கட்டளைப்படி அச்சின்னம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அடிக்கல் இட்டதற்கும் இடித்துத் தள்ளியதற்கும் இடையே மூன்று திங்களும் கழியவில்லை. ஐம்பது ஆண்டு சென்றபின், 1995-இல், சிங்கப்பூர் தேசிய மரபுடைமைக் கழகம் அவ்விடத்தை ஒரு வரலாற்றிடமாகக் குறித்து வைத்தது.

இதிலிருந்து நாம் அறியத்தக்கது யாது? வெற்றி பெற்றவன் முதலில் இடிப்பது தோற்றவனின் கல்லை. ஆகவே கல்லை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. இடிக்க முடியாத இடத்திலும் நினைவை நட்டு வைத்தல் வேண்டும். அவ்விடம் மக்களின் வாயும் செவியும் ஏடுமே.

அங்கேதான் நாம் தவறினோம். போரிலிருந்து திரும்பியவர் மீண்டும் அதே லயத்திற்கு வந்தனர். அதே கத்தியை எடுத்தனர். அதே மரத்தைச் சீவினர். எனினும் அவர்கள் பழைய மனிதர்களாகத் திரும்பவில்லை. 1946, 1947-ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத் தோட்டங்களில் தொண்டர் படை என்னும் இயக்கம் எழுந்து, கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றதையும், தோட்டத் தொழிலாளரிடையே ஒழுங்கையும் தன்மானத்தையும் வளர்த்ததையும் வரலாறு குறிக்கின்றது. படைமுகாமில் கற்ற அணிவகுப்பும் கட்டுப்பாடும் அவ்வியக்கத்தில் தென்பட்டன. நிமிர்ந்து நடக்கக் கற்ற முதுகு மறுபடியும் எளிதில் வளைவதில்லை.

பின்னர் 1948 முதல் 1960 வரை நாட்டில் அவசரகாலம் நிலவியது. அக்காலத்தில் துப்பாக்கி பிடித்த கதையை உரத்துப் பேசுவது அறிவுடைமை ஆகாது என்று வாய்மூடியிருந்தோர் உண்டு. 1972-இல் இந்திய அரசு விடுதலைப் போராட்ட வீரர்க்கு ஓய்வூதியத் திட்டம் வகுத்தபோது, இந்திய தேசிய ராணுவத்தாரையும் அதில் சேர்த்தது. ஆனால் உதவி பெறுவோர் தம் பணியை மெய்ப்பிக்கச் சான்று காட்டுதல் வேண்டும். தகரப் பெட்டியில் ஒரு சேலையும் இரண்டு சட்டையும் அன்றி வேறில்லாத தொழிலாளி சான்றுப் பத்திரத்திற்கு எங்கே போவான்? அதன்பின் தோட்டங்களே துண்டாடப்பட்டன. பல செம்பனைக் காடாயின. பல வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் பட்டணத்தின் ஓரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். ஒருவர்க்கொருவர் கதை சொல்லிக்கொண்டிருந்த லயத்துத் திண்ணையும் போயிற்று. திண்ணையோடு நினைவும் போயிற்று.

உண்மையை மறைத்தல் மரியாதை ஆகாது

நிற்க. வீரரை மதித்தல் என்பது அவரைப்பற்றிப் பொய் புகல்வது அன்று. இதை நாம் வற்புறுத்திக் கூறுகின்றோம்.

எந்த ஜப்பானியரோடு தோள் சேர்ந்து இப்படை நின்றதோ, அதே ஜப்பானியர்தாம் சயாம் மரண ரயிலுக்கு நம்மவரைக் கொண்டு சென்றனர். 1942 முதல் 1943 அக்டோபர் வரை, ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை அமைக்கும் வேலையில் மலாயாத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பசியாலும் மடிந்தனர். கணவனை ரயில் வேலைக்குப் பறிகொடுத்த வீடும், மகனைப் படைக்கு அனுப்பிய வீடும் ஒரே லயத்தில் அடுத்தடுத்து இருந்தன. நாட்டுப்பற்றால் படையில் சேர்ந்தார் உண்டு. சயாமுக்குப் பிடித்துச் செல்வார்கள் என்னும் அச்சத்தால் சேர்ந்தார் உண்டு. ஒரு வேளைச் சோற்றுக்காகச் சேர்ந்தாரும் உண்டு. இம்மூவரில் எவரையும் இழித்துரைக்க நமக்கு உரிமை இல்லை. பசித்த வயிற்றோடு சென்றவனும் பர்மாக் காட்டில் அதே மழையில் நனைந்தான். அதே காய்ச்சலில் நடுங்கினான். இம்பால் போர்முனையில் குண்டுக்கு இரையானோரைக் காட்டிலும் நோய்க்கும் பட்டினிக்கும் இரையானோரே மிகுதி.

அன்றியும், படையில் சேர மறுத்த இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர். எடுத்த சத்தியத்தை மீறேன் என்று நின்ற அவர்கள் போர்க்கைதிகளாகப் பெருந்துன்பம் உற்றனர். அவர்களுள் பலர் நியூகினி வரை கொண்டு செல்லப்பட்டனர். அவர்கள் நின்ற பக்கம் வேறு; பட்ட பாடு வேறன்று. சமூக நினைவென்பது இவர்களுக்கும் இடம் தருவதாக இருத்தல் வேண்டும்.

பிறர் தம் மாண்டாரை எங்ஙனம் போற்றுகின்றனர் என்று காண்போம். சயாமில் காஞ்சனபுரி போர்க் கல்லறையில் நேசநாட்டுக் கைதிகள் 6,982 பேர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சுவர்களில் 24,000-க்கு மேற்பட்ட பேர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அப்பேர்களுள் பிரிட்டிஷ் படையில் பணியாற்றிய இந்தியரும் உளர். எழுதியவர் கை வாழ்க. ஆனால் அதே ரயில் பாதையில் மடிந்த தமிழ்த் தொழிலாளிக்கு அத்தகைய தனிக்கல் ஒன்றும் இல்லை. இம்பால் வழியில் விழுந்த தோட்டத்துச் சிப்பாய்க்கும் இல்லை. அரசு ஒன்று பின்னால் நின்றவனுக்குப் பேர் எழுதப்பட்டது. அரசு அற்றவனுக்குச் சமூகமே அரசு. சமூகமும் எழுதாவிடின் வேறு யார் எழுதுவார்?

பொன்னாடையும் கடமையும்

நாம் ஆண்டுதோறும் விழா எடுக்கின்றோம் என்று சிலர் கூறலாம். மெய்தான். மண்டபத்தில் வாழைமரம் கட்டுகின்றோம். நேதாஜி படத்திற்கு மாலை இடுகின்றோம். தலைவர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பேசுகின்றனர். முதல் வரிசையில் சக்கர நாற்காலியில் ஒரு முதியவரை அமர்த்துகின்றோம். அவருக்குப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொள்கின்றோம். பின்னர் சிற்றுண்டிக்குச் செல்கின்றோம். அவர் பேசினாரா? அவரிடம் எவரேனும் ஒரு வினா கேட்டார்களா? அவர் எந்தத் தோட்டத்திலிருந்து சென்றார், உடன் சென்றவர் யார், திரும்பாதவர் யார் என்று எழுதிக்கொண்டோமா? பொன்னாடை அவர் தோளில் அரைமணி நேரம் கிடந்தது. அவர் நெஞ்சில் கிடந்த வரலாறு அவரோடு வீடு திரும்பியது.

1943-இல் பதினைந்து வயதினராக இருந்தவர் 1928-இல் பிறந்தவர். ஆகவே இன்று எஞ்சியிருப்போர் நூறு வயதை அண்மியவரும் கடந்தவருமே ஆவர். அவர்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும் என்னும் நாள் தொலைவில் இல்லை. அவர்கள் கண்மூடியபின் மணிமண்டபம் கட்டுவதினும், கண் திறந்திருக்கும்போது பக்கத்தில் ஒரு மணி நேரம் அமர்வது மேல்.

ஆகவே நம் மக்கள் செய்யத்தக்கன சிலவற்றை ஈண்டுக் கூறுகின்றோம். இவற்றுள் எதற்கும் பெரும் பொருள் வேண்டா.

முதலாவது, ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் பெட்டியில் உள்ள பழைய புகைப்படங்களை வெளியில் எடுத்தல் வேண்டும். படத்தின் பின்புறம் பேர், தந்தை பேர், தோட்டத்தின் பேர், சேர்ந்த ஆண்டு ஆகியவற்றை எழுதுதல் வேண்டும். பேரற்ற புகைப்படம் இரண்டு தலைமுறையில் அயலான் படமாகி விடும்.

இரண்டாவது, முதியவர் இருப்பின் அவர் சொல்வதை அவர் மொழியிலேயே பதிவு செய்தல் வேண்டும். திருத்தமான தமிழில் பேசு என்று அவரைத் தடுத்தல் கூடாது. நினைவு தடுமாறினால் பொறுத்திருத்தல் வேண்டும். வீரர் மறைந்திருப்பின், அவர் வாய்மொழி கேட்ட மகளும் பேரனும் சொல்லட்டும். சிங்கப்பூரில் 1979-ஆம் ஆண்டிலேயே வாய்மொழி வரலாற்றுப் பணி அரசின் முயற்சியால் தொடங்கியது. ஜப்பானியர் கால அனுபவங்கள் பல அங்குப் பதிவாகியுள்ளன. ஒரு சிறு நாட்டின் ஆவணக்காப்பகம் செய்ததில் பத்தில் ஒரு பங்கையேனும் நம் கோவில்களும் சங்கங்களும் நூலகங்களும் செய்யலாகாதா?

மூன்றாவது, தோட்டம் மறைந்தாலும் அத்தோட்டத்தாரின் கோவில் பல இடங்களில் மறையவில்லை, தமிழ்ப்பள்ளியும் மறையவில்லை. அக்கோவிலிலும் பள்ளியிலும் ஒரு பேரேடு வைத்தல் வேண்டும். படைக்குச் சென்றவர், சயாமுக்குச் சென்றவர், திரும்பியவர், திரும்பாதவர் என்று பிரித்து எழுதுதல் வேண்டும். சாதிப் பட்டத்தைச் சேர்த்து எழுத வேண்டா. அவர்கள் ஒரு பந்தியில் உண்டவர்கள். ஒரு பட்டியலில் இருக்கட்டும்.

நான்காவது, பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு இப்பணியைச் செய்வித்தல் நன்று. தன் பாட்டி துப்பாக்கி ஏந்தினாள் என்று அறிந்த பெண்பிள்ளை தன்னைத் தாழ்வாக எண்ணாள். கூலிக்காரன் பரம்பரை என்று எவனேனும் இகழ்ந்தால், அவனுக்கு மறுமொழி கூற அவளிடம் ஒரு பேர் இருக்கும்.

தோழர்களே! தோட்டத்தில் நம் முன்னோர் பேர் நாள்தோறும் எழுதப்பட்டது; நாள்தோறும் அழைக்கவும் பட்டது. இருள் பிரியாத வேளையில் பெரட்டுக் களத்தில் கிராணி பேரேட்டைப் புரட்டி ஒவ்வொருவராய் அழைப்பான். வந்தேன் என்றால் அன்றைக்குக் கூலி. வாய் திறவாவிடில் கூலி இல்லை. துரையின் கணக்குக்காக அவர்கள் பேர் அத்துணைத் துல்லியமாய்க் காக்கப்பட்டது. அவர்கள் தம் மானத்தின் பொருட்டுச் சென்ற ஒரு பயணத்தின் கணக்கு மட்டும் நம்மிடம் இல்லை.

அடுத்த அக்டோபர் 21-ஆம் நாள் வருமுன், உங்கள் ஊர்க் கோவில் முன்றிலிலோ பள்ளித் திடலிலோ ஒன்று கூடுங்கள். சொற்பொழிவு வேண்டா. நீங்கள் திரட்டிய பேரேட்டை ஒரு பிள்ளை எடுத்துப் பேரும் ஊரும் செயலும் உரக்கப் படிக்கட்டும். பேர் அழைக்கப்பட்ட வீரர் உயிரோடிருப்பின் அவரே விடை சொல்லட்டும். இல்லையேல் அவர் வழிவந்த ஒருவர் எழுந்து நின்று, வந்தேன் என்று சொல்லட்டும்.